ஏ எங்கே, பி எங்கே?

பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டரில் ஆடுவது இன்று ரொம்பச் சுலபம். 1985-ல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட்தான். உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ இதைப்போல ஐம்பது மடங்காவது இருக்கும். எமுலேட்டர் என்று ஒரு சாஃப்ட்வேர், கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய மெஷின் வேஷம் கட்டும். படம் அப்படியே வரும். பாட்டு அப்படியே வரும். ஆட உட்கார்ந்தால் மட்டும் மேரியோ பள்ளம் பள்ளமாகப் பார்த்துப் போய் விழுவார்.

‘வயசாயிடுச்சு’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். வயசு பாதிக் காரணம். மீதி, கீ-போர்டு.

பெரும்பாலான எமுலேட்டர்களில் திசைக்கு அம்புக்குறி கீ-க்கள். ஓட, குதிக்க ‘இஸட்’டும் ‘எக்ஸ்’ஸும். அம்புக்குறிகள் இருப்பது வலது பக்கம். நின்டென்டோவின் கன்ட்ரோலரில் திசைக்கான சிலுவை இருப்பதோ இடது பக்கம். ஆக, முதல் காரியமாகக் கை மாறிப்போச்சு. இடது கைக்காரரிடம் வலது கை கத்தரிக்கோலைக் கொடுத்த கதை.

இரண்டாவது, கட்டைவிரல் சமாசாரம். மேரியோவில் ‘பி’ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓட்டம், ‘ஏ’ குதி. கன்ட்ரோலரில் ‘பி’ இடது, ‘ஏ’ வலது, இரண்டும் ஒட்டினாற்போல் பக்கத்தில். வலது கட்டைவிரலின் நுனி ‘பி’யின் மேல் இருக்கும். அதை எடுக்காமலேயே விரலின் நடுப்பகுதியைக் கொஞ்சம் சாய்த்தால் ‘ஏ’ அமுங்கிவிடும். ஓடிக்கொண்டே குதிப்பது என்பது ஒரே விரலின் ஒரே உருட்டல். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டுவது மாதிரி, கை தானாகக் கற்றுக்கொண்டது. கீ-போர்டில் இதற்கு இரண்டு விரல், இரண்டு தனித்தனி முடிவு.

மூன்றாவது இன்னும் சுவாரசியம். அந்தச் சிலுவையை குன்பெய் யோகோய் என்ற நின்டென்டோ எஞ்சினியர் 1982-ல் ‘டாங்கி காங்’ கையடக்க விளையாட்டுக்காகச் செய்தார். அது நடுவில் ஊன்றி நிற்கிற ஒரே பிளாஸ்டிக் துண்டு, சீ-சா பலகை மாதிரி. இடது அமுங்கினால் வலது எழும்பும். இரண்டையும் சேர்த்து அழுத்த முடியாது. எனவே புரோகிராம் எழுதியவர்கள் ‘இடது, வலது ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன பண்றது?’ என்று கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. கீ-போர்டில் தாராளமாக அழுத்தலாம். ‘ஸெல்டா 2’ ஆட்டத்தில் அப்படிச் செய்தால் ஹீரோ பேய் பிடித்தவர்போல அசுர வேகத்தில் பறப்பார். அதனாலேயே பல எமுலேட்டர்களில் ‘எதிரெதிர் திசை அனுமதி கிடையாது’ என்று ஓர் அயிட்டம் வைத்திருக்கிறார்கள். அதாவது, ஆட்டத்தின் விதிகளில் ஒன்று புரோகிராமில் இல்லை. பிளாஸ்டிக்கில் இருந்தது!

இதுதான் விஷயம். புரோகிராமைக் காப்பியடித்துப் பத்திரப்படுத்திவிட்டோம், ஆட்டம் பிழைத்துவிட்டது என்கிறார்கள். பாதிதான் பிழைத்திருக்கிறது. மீதிப் பாதி யார் வீட்டுப் பரணிலோ, கறுத்துப்போன வயரோடு கிடக்கிறது.

அந்தப் பாதியை இன்றைய கம்ப்யூட்டரில் செருக முடியுமா என்றால், முடியும். ஆச்சரியமான அளவுக்குச் சுலபமாக.

நின்டென்டோவின் முதல் கன்ட்ரோலரைப் பிரித்தால் உள்ளே 4021 என்று ஒரே ஒரு சிப். சாதாரண ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஐந்து கம்பி: கரண்டுக்கு ஒன்று, கிரவுண்ட் ஒன்று, மீதி மூன்று பேச்சுவார்த்தைக்கு. ஸ்கூல் அட்டெண்டன்ஸ் ஞாபகம் இருக்கிறதா? முதல் கம்பியில் மெஷின் ‘எல்லாரும் அசையாம நில்லு’ என்கிறது. எட்டு பட்டனும் அந்த க்ஷணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே உறைகின்றன. இரண்டாவது கம்பியில் மெஷின் ஒவ்வொரு தட்டாகத் தட்ட, மூன்றாவதில் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்று வரிசையாக ‘உள்ளேன் ஐயா’ வருகிறது. இந்த அட்டெண்டன்ஸ் செகண்டுக்கு 60 தடவை. அவ்வளவுதான் முழு ரகசியமும். 90-களில் சிலர் இதை பிரின்டர் போர்ட்டில் கட்டினார்கள். தனியாக பவர் சப்ளைகூட வைக்காமல், அந்த போர்ட்டின் டேட்டா கம்பிகளிலிருந்தே டயோடு போட்டுக் கரண்ட் திருடினார்கள். லினக்ஸில் இதற்கென்றே டிரைவர் உண்டு. பிரின்டர் போர்ட் ஒழிந்து யு.எஸ்.பி. வந்ததும், நடுவில் ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் தேவைப்பட்டது. ஒரு பக்கம் பழைய பாஷையில் அட்டெண்டன்ஸ் எடுத்து, மறுபக்கம் யு.எஸ்.பி. பாஷையில் ஒப்பிக்கும் துபாஷி. 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு வெளியானபோது விலை 4 டாலர். கொஞ்சம் சால்டரிங் தெரிந்த காலேஜ் பையன் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவான்.

மின்சாரத்தை மொழிபெயர்ப்பது சுலபம். கை எங்கே போகிறது என்பதுதான் கஷ்டம். இங்கேதான் எனக்கு மைக்ரோசாஃப்ட்டோடு ஒரு சின்ன வழக்கு.

2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது கூடவே ‘எக்ஸ்-இன்புட்’ என்று ஒரு ஏற்பாட்டை விண்டோஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் கன்ட்ரோலர் உலகம் சந்தைக்கடை. ஒவ்வொரு கேமிலும் ‘பட்டன் 7 என்றால் எது?’ என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸ்-இன்புட் ஒரே அடியாக, உலகத்தில் கன்ட்ரோலர் என்றால் இப்படித்தான் என்று தீர்மானித்தது: இரண்டு ஸ்டிக், ஒரு சிலுவை, முகத்தில் நாலு பட்டன், தோளில் இரண்டு, அடியில் இரண்டு டிரிக்கர். புது கேம்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பல கேம்கள் இதைத் தவிர வேறெதையும் மதிக்காததால், 1985-ன் கன்ட்ரோலரை மாட்டுகிற அடாப்டர்களில் பலவும் ‘நான் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்’ என்று பொய்ச் சான்றிதழ் கொடுத்துத்தான் உள்ளே நுழைகின்றன.

பொய் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் ‘ஏ’ கீழே இருக்கிறது, ‘பி’ வலது பக்கம். நின்டென்டோவில் ‘ஏ’தான் வலது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ‘ஏ’க்கு ‘ஏ’, ‘பி’க்கு ‘பி’ என்று பெயரைப் பார்த்து இணைத்தால், ஓட்டம் வலப்புறம், குதி இடப்புறம். அந்தக் கட்டைவிரல் உருட்டல் தலைகீழாகிவிடும். பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்து இணைத்தால் விரலுக்குச் சரி. ஆனால் திரையில் ‘ஏ-வை அழுத்தவும்’ என்று வரும்போது கண் ஒன்றைத் தேடும், விரல் இன்னொன்றைத் தேடும். ரெட்ரோஆர்ச் என்ற பிரபல எமுலேட்டர் தொகுப்பு, இடம்தான் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறது. என் ஓட்டும் அதற்கே. பட்டனின் பெயரை விரல் படிப்பதில்லை.

இன்னும் மோசம், ஆறு பட்டன் கன்ட்ரோலர்களின் கதி. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சண்டையில் குத்து மூன்று, உதை மூன்று; லேசு, நடுத்தரம், பலம். அதற்காகவே ஸேகா 1993-ல் மேல் வரிசை மூன்று, கீழ் வரிசை மூன்று என்று கன்ட்ரோலர் செய்தது. ஒரு வரிசை குத்து, ஒரு வரிசை உதை. குழந்தைக்கும் புரியும். எக்ஸ்-இன்புட்டில் முகத்தில் நாலுக்குத்தான் இடம். மிச்சம் இரண்டும் தோளுக்கோ டிரிக்கருக்கோ நாடு கடத்தப்படும். பலமான குத்து மட்டும் ஆள்காட்டி விரலுக்குப் போகும். ஒரு கையின் ஐந்து விரலைப் பிரித்து இரண்டு வீட்டில் குடிவைத்த மாதிரி.

1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. ஸ்வரங்களைக் கட்டை கட்டையாக ஆணியடித்து வைத்திருப்பதால் கமகம் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒரு நல்ல ஹார்மோனியம். எதையும் வாசிக்கலாம், பஜனைக்கு உத்தமம். தடையெல்லாம் வேண்டாம். வீணையே அதுதான் என்று சாதிக்காமல் இருந்தால் போதும்.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா பையன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மாமா, மேப்பிங் மாத்திக்கிட்டா போச்சு. எந்த பட்டனை எதுக்கு வேணாலும் வச்சுக்கலாம். ஸ்டீம்லயே ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா செட் பண்ணலாம்.”

“சரிடா, மைக்கை எந்த பட்டன்ல வைப்பே?” என்றேன்.

“மைக்கா?”

விஷயம் இது. 1983-ல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்கள் கிடையாது. அந்த இடத்தில் ஒரு சின்ன மைக் இருந்தது. 1986-ல் வந்த முதல் ‘ஸெல்டா’வில் போல்ஸ் வாய்ஸ் என்று பெரிய காதுள்ள முயல் மாதிரி ஒரு ஜந்து. கத்தி வெட்டுக்கு லேசில் அசையாது. மைக்கில் ஊதினால், கத்தினால் செத்துப்போகும். பெரிய காதுக்கு அர்த்தம் புரிகிறதல்லவா? அடுத்த வருஷம் இதே ஆட்டம் அமெரிக்கா போனது. அங்கே விற்ற மெஷினில் மைக் கிடையாது. அம்பு விட்டால் சாகும் என்று புரோகிராமை மாற்றினார்கள். ஆனால் கையேட்டில் ‘இந்த ஜந்துவுக்குச் சத்தம் என்றால் ஆகாது’ என்ற குறிப்பை அப்படியே மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பையன்கள் ஆட்டத்தில் கிடைக்கும் புல்லாங்குழலை எடுத்து அதன் முன்னால் ஊதி ஊதிப் பார்த்தார்கள். அது பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது. வாசல் கதவை அடைத்துவிட்டு, ‘வாசல் வழியாக வரவும்’ போர்டை மட்டும் விட்டுவைத்த கதை.

இன்று ஜப்பானியப் பதிப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் மைக்குக்கு ஒரு கீ ஒதுக்கித் தருகிறார்கள். தட்டினால் ஜந்து சாகிறது. காரியம் முடிந்தது. நடுராத்திரியில் அப்பா அம்மா எழுந்துவிடாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரு குழந்தை ஜாக்கிரதையாகக் கத்த வேண்டியிருந்த ஆட்டம் அது. கீ-யைத் தட்டினால் அந்த ஆட்டம் முடிகிறதா? அக்கா பையன் கொஞ்ச நேரம் யோசித்து, “லேப்டாப்லதான் மைக் இருக்கே, அதையே கனெக்ட் பண்ணிட்டா?” என்றான். நியாயமான பதில். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது நின்டென்டோ 64. 1996-ல் வந்த இதன் கன்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடி. மனுஷனுக்கு இரண்டு கைதானே என்று கேட்காதவர் கிடையாது. நானும் அதை அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் வலது பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் நாலு குட்டி ‘சி’ பட்டன்கள் உண்டு: மேல், கீழ், இடது, வலது. 1998-ன் ‘ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைம்’ ஆட்டத்தில் ஹீரோவின் கையில் ஒகரினா என்ற ஊதுகருவி. ‘ஏ’ பட்டனும் நாலு ‘சி’ பட்டன்களும் சேர்ந்து ஐந்து ஸ்வரம். ‘ஏ’ அடி ஸ்வரம், மேல் ‘சி’ உச்ச ஸ்வரம். இசையமைத்தவர் கோஜி கோண்டோ. மேரியோவுக்குப் போட்டவரும் அவரே. இந்த ஐந்தே பட்டனுக்குள் அடங்குகிற மாதிரி மெட்டுகள். மழை வரவைக்க ஒரு மெட்டு, ராத்திரியைப் பகலாக்க ஒரு மெட்டு. ஆடுகிறவன் விரல்தான் அவற்றை வாசிக்க வேண்டும். போதாததற்கு, வாசிக்கும்போது ஸ்டிக்கை மேலும் கீழும் அசைத்தால் ஸ்வரம் வளையும். கமகம் ஸார்!

எக்ஸ்-இன்புட்டில் நாலு ‘சி’ பட்டனுக்கு இடம் எங்கே? வலது ஸ்டிக்கின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மேலே தள்ளு, இடது தள்ளு. ஸ்டிக் நடுவுக்குத் திரும்பி வந்து அடுத்த பக்கம் போவதற்குள் தாளம் தவறும். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் வேறு ஸ்வரம் விழும். புல்லாங்குழலின் துளைகளை அடைத்துவிட்டு, கியர் ராடைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எப்படி? நின்டென்டோவே 2021-ல் தன் ஸ்விட்ச் மெஷினில் இந்த ஆட்டங்களைச் சந்தாவுக்குக் கொடுத்தபோது, ‘சி’ பட்டன்கள் வலது ஸ்டிக்கில்தான் வந்து விழுந்தன. கூடவே அதே மூன்று கைப்பிடி கன்ட்ரோலரை வயர் இல்லாமல் மறுபடி செய்து தனியாக விற்றது. காசு பார்க்கிற வழி என்று சொல்லலாம். செய்தவர்களுக்கே இது இல்லாமல் அது ஆகாது என்று தெரிந்திருக்கிறது என்றும் சொல்லலாம்.

அந்த 64-ன் ஸ்டிக் ஒரு தனி சோகம். அதைச் சுற்றி எண்கோணமாக வெட்டிய பிளாஸ்டிக் வளையம். எட்டுத் திசையிலும் ஸ்டிக் ‘டக்’கென்று போய் உட்கார மூலை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடலாம். இன்றைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் வட்டம்தான், மூலை கிடையாது. பழைய ஸ்டிக் எவ்வளவு தூரம் சாய்ந்தது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். 127 வரை சொல்ல இடமிருந்தாலும் நிஜத்தில் சுமார் 80, 85-க்கு மேல் போவதில்லை. இது தெரியாத அடாப்டரோ எமுலேட்டரோ இழுத்து நீட்டிவிட்டால், பூனை மாதிரி நடக்கவேண்டிய மேரியோ தடதடவென்று ஓடுவார். ஒரிஜினலையே வாங்கி மாட்டலாம் என்றால், உள்ளே பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசி வெள்ளைப் பவுடராகத் தேய்ந்து, ஸ்டிக் தொளதொளவென்று கழுத்து ஒடிந்த கோழி மாதிரி சாய்ந்திருக்கும். ‘மேரியோ பார்ட்டி’ என்ற ஆட்டத்தில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்றவேண்டிய போட்டிகள் உண்டு. குழந்தைகள் உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றிக் கொப்புளம் வரவழைத்துக்கொண்டார்கள். விவகாரம் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போய், 2000-ல் நின்டென்டோ கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. கைக்குக் கையுறை கிடைத்தது. ஸ்டிக்குக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று தேயாத ஒரிஜினல் ஸ்டிக் கிடைப்பது அபூர்வமாகிக்கொண்டு வருகிறது. புரோகிராமைக் கோடி காப்பி எடுக்கலாம். இதை எடுக்க முடியாது.

எல்லாப் பழசுக்கும் இப்படிக் கண்ணீர் விடவேண்டும் என்று சொல்லவில்லை. அட்டாரியின் சுழல் குமிழ் ஆட்டங்களை மவுஸ் வைத்து ஆடினால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சில சமயம் ஒரிஜினலைவிட மேல். ‘டக் ஹன்ட்’ துப்பாக்கியை இன்றைய தட்டை டி.வி. முன் நீட்டுவது வியர்த்தம். விசையை அழுத்தியதும் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டி, அந்த வெளிச்சம் துப்பாக்கிக்குத் தெரிகிறதா என்று பார்க்கிற தந்திரம் அது. பழைய குழாய் டி.வி.யின் வேகத்துக்கும் துடிப்புக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. எல்.சி.டி.க்குப் பொருந்தாது. அடாப்டர் வாங்கப் போனால் ‘ஒரு மில்லி செகண்ட் தாமதம்’ என்று ஆள் ஆளுக்குச் சத்தியம் செய்வார்கள். செகண்டுக்கு 60 தடவை அட்டெண்டன்ஸ் என்றால் இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 16.7 மில்லி செகண்ட். யு.எஸ்.பி. சாவகாசமாக 8 மில்லி செகண்டுக்கு ஒருமுறை விசாரித்தாலே பாதிதான் ஆச்சு. அதைவிட முதலில் டி.வி.யின் செட்டிங்கில் ‘கேம் மோட்’ எங்கே என்று பாருங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று அது விழுங்குகிற நேரம் இதைப்போலப் பல மடங்கு.

பழைய உருவத்தில் மலிவாக விற்கிற யு.எஸ்.பி. நகல்களை மட்டும் தூர விலக்குங்கள். கலர் சரியாக இருக்கும், எழுத்துகூட அப்படியே இருக்கும். அந்தச் சிலுவைதான் சரியாக ஊன்றி நிற்காது. நேராக வலது அழுத்தினால் மேலும் சேர்ந்து அமுங்கும், குனிந்து போகவேண்டியவன் எகிறிக் குதிப்பான். முகத்தை மட்டும் வரைந்துவிட்டு கையைக் கோட்டை விட்ட ஓவியன் வேலை.

சென்னையில் 90-களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அப்போது வாங்கிய ‘டி.வி. கேம்’ பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள்தான். ‘9999 கேம்ஸ்’ என்று லேபிள் ஒட்டிய கேசட்டில் உருப்படியாக ஏழெட்டு ஆட்டம் இருக்கும். அதன் கன்ட்ரோலர் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பலவற்றில் ஒன்பது பின் ப்ளக் இருக்கும். அட்டாரி, ஸேகா கன்ட்ரோலர்களிலும் இதே ப்ளக்தான். அந்த அடாப்டரை வாங்கிச் செருகினால் கச்சிதமாக உட்காரும், ஒன்றும் நடக்காது. வெளியில்தான் அட்டாரி, உள்ளே நின்டென்டோவின் அட்டெண்டன்ஸ். திறந்தால் 4021 சிப்பைக் காணோமே என்று பதற வேண்டாம். தார் சொட்டின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதன் அடியில் அதே வேலை நடக்கிறது. கம்பி நிறங்களை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மல்டிமீட்டரை வைத்து எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கம்பியும் அறுந்துபோகாமல் இருந்தால் ஆட்டத்துக்கு ரெடி.